தேன்மொழி வரைந்த கப்பல்

ஆகஸ்ட் 6, திங்கள்

காலையிலேயே வெயில். மணலி ஆலைகள் பக்கமிருந்து வழக்கமான வாடை. கேஸ் புக் பண்ண மறந்தாயிற்று, மூன்றாவது நாளாக.

9-ஆ பிள்ளைகளைக் கடற்கரைக்கு நடத்திக் கூட்டிப்போனேன். பாடம்: கப்பல் தொழிலும் சுற்றுச்சூழலும். துறைமுகத்துக்குள் போக அனுமதி கேட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. வேண்டாம் போ. கருங்கல் தடுப்பின் மேல் நின்றாலே, முறைக்காகக் காத்து நிற்கும் கப்பல்கள் தெரிகின்றன. எண்ணச் சொன்னேன். ஏழு என்றது ஒரு கூட்டம், எட்டு என்றது இன்னொன்று. அதற்கே சண்டை.

ஷகிலாவின் சந்தேகம்: "மிஸ், கப்பல்ல கீறவங்க கக்கூஸ் போனா அது எங்க போவும்?" ஒரே சிரிப்பு. நல்ல கேள்விதானடி என்று அதட்டி, அதிலேயே பாடத்தைப் பிடித்தேன். அது மட்டுமா, எஞ்சினில் ஒழுகும் எண்ணெய், கழுவிய தண்ணீர் எல்லாம் கப்பலின் அடியில் சேரும். கரைக்கு வந்ததும் லாரியில் கொண்டுபோய்ச் சுத்தம் செய்வார்கள் என்றேன்.

பின்னாலிருந்து தேன்மொழி: "இல்ல மிஸ். எங்க நைனா அந்த லாரில தான் வேல செய்றாரு. சுத்தம்லாம் பண்றது இல்ல."

வாயே திறக்காத பெண். வேறென்ன பண்ணுவார்கள் என்றேன்.

"மேல நிக்கிற எண்ணெய வடிச்சி செங்கல் சூளைக்கு வித்துருவாங்க. அடில கீற கலீஜ எண்ணூர் ஆத்தாண்ட இட்டுகினு போவாங்க. தண்ணி கடலுக்கு எறங்குற நேரத்துல வால்வ தொறந்து வுட்டா, அதுவே அடிச்சிகினு பூடும். எங்க நைனா தான் தொறப்பாரு."

கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினோரு வருடமாக இதே பாடத்தை நடத்திக் கிழித்திருக்கிறேன். நேற்று வீட்டில் செய்தது எண்ணூர் இறால் தொக்கு. நான்தான் இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 8, புதன்

புழுக்கம். மின்விசிறி வேலை செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை அறிவியல் கண்காட்சி. தேன்மொழியிடம், அன்றைக்குச் சொன்னதை அப்படியே சார்ட்டில் வரை என்றேன். எல்லாருக்கும் சொல்வதையே அவளுக்கும் சொன்னேன்: பாகங்களைக் குறிக்காத படத்துக்கு மதிப்பெண் கிடையாது.

குறித்திருக்கிறாள், அடேயப்பா! கப்பல், குழாய், லாரி, வால்வு, ஆறு, அம்புக்குறி போட்டுக் கடல். லாரியில் நம்பர் பிளேட்கூட. வால்வைப் பிடித்தபடி நீலச் சட்டையில் ஓர் ஆள். பக்கத்தில்: "ஏழுமலை (என் நைனா)."

சிவப்பு மையில் "மிக நன்று" போட்டுக் கையெழுத்தும் போட்டேன். வாசலுக்கு நேரே மாட்டச் சொன்னேன். ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

வாங்க: தெர்மோகோல் 2, குண்டூசி, தலைவலி மாத்திரை.

ஆகஸ்ட் 10, வெள்ளி

கண்காட்சி நாள்.

சிறப்பு விருந்தினரை ஏற்பாடு செய்தது ஹெச்.எம். பள்ளிக்குப் பெஞ்சு வாங்கித் தந்தவராம். தேன்மொழியின் அப்பா வேலை பார்க்கும் கப்பல் கழிவுக் கம்பெனியின் மேலாளர் என்று மாலை போடும்போதுதான் தெரிந்தது. சார்ட்டைக் கழற்ற ஓடினேன். அதற்குள் அதன் முன்னால் போய் நின்றுவிட்டார்.

சிரித்துக்கொண்டேதான் கேட்டார், "யாரும்மா இதெல்லாம் சொன்னது?"

"எங்க நைனா சார். இது அவுரு தான், இது அவுரு லாரி."

தலையைத் தடவிக் கொடுத்தார். செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். தேன்மொழிக்குத்தான் முதல் பரிசு. எவர்சில்வர் டிபன் பாக்ஸ். மேடையில் அவரே கொடுத்தார், படுபாவி.

ஆகஸ்ட் 13, திங்கள்

தேன்மொழி வரவில்லை. சுவரில் சார்ட் இல்லை. யார் எடுத்தது என்று ஒருவருக்கும் தெரியாதாம்.

இடைவேளையில் ஹெச்.எம். கூப்பிட்டார்.

"மல்லிகா, அந்த ஆளை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. கம்பெனிக்குத் தெரியாம அவனாவே ஊத்திருக்கான்னு போலீசுக்குப் போகப்போறாங்களாம். சாட்சி அந்த சார்ட். உங்க கையெழுத்தோட."

திறக்கச் சொன்னவன் பரிசு கொடுக்கிறான், திறந்தவன் ஜெயிலுக்குப் போவதா? கத்திவிட்டேன். ஆயா எட்டிப் பார்த்தாள்.

ஹெச்.எம். குரலைத் தாழ்த்தினார்: "ஒரு வழி இருக்கு. அந்தப் பொண்ணு கற்பனையா வரைஞ்சதுன்னு ஸ்கூல்ல இருந்து எழுதிக் குடுத்தா, அவங்களும் விட்டுடுவாங்க. வேலையும் திரும்பத் தருவாங்களாம்."

முடியாது என்று வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 14, செவ்வாய்

லேசான தூறல்.

முதல் பீரியடுக்கு முன்பே தேன்மொழியும் அவள் அம்மாவும். அம்மா என் காலில் விழப்போனாள். பிடித்துத் தூக்கினேன்.

"அவுருக்கு வேற தொழில் தெரியாது மிஸ். மூணு நாளா வூட்ல பேசாம குந்திகினு கீறாரு. இது பொய் சொல்லிச்சின்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடு மிஸ்."

நான் தேன்மொழியைப் பார்த்தேன். அழவில்லை. "எழுதுங்க மிஸ். நான் பொய் தான் சொன்னேன்."

எழுதினேன். "மேற்படி மாணவி கேள்விப்படாததையும் பார்க்காததையும் கற்பனையாக வரைந்துள்ளார்." ஹெச்.எம். முத்திரை வைத்தார். தேன்மொழியையும் கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

ஆகஸ்ட் 20, திங்கள்

வெயில். கேஸ் வந்துவிட்டது.

வியாழன், வெள்ளி, இன்று. மூன்று நாளும் தேன்மொழி வரவில்லை. காய்ச்சல் என்றாள் ஷகிலா. எனக்கு நம்பிக்கை இல்லை.

மாலை, தேரடி பஸ் ஸ்டாப். "மிஸ்!" நீலச் சட்டை. சார்ட்டில் இருந்த அதே முகம், மீசை உட்பட. டீக்கடை ஓரம் லாரி நின்றது. கும்பிட்டார்.

"உங்க புண்ணியம் மிஸ். சனிக்கெயமயே வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க."

தேன்மொழிக்கு எப்படி இருக்கிறது என்றேன்.

"நல்லாத்தான் கீது. துணி எக்ஸ்போர்ட் கம்பெனில நூல் வெட்டுற வேலைக்குப் போவுது. நாளைக்கு வந்து டி.சி. வாங்கிக்கிறேன்."

என்ன சொல்கிறார் என்று சட்டென்று பிடிபடவில்லை. பிடிபட்டதும், நடுத்தெருவில் கெஞ்சினேன். அவள் சொன்னது அத்தனையும் உண்மை, பொய் எழுதியது நான், பொய்க்காரி என்று யாரும் அவளைச் சொல்லாமல் நான் பார்த்துக்கொள்கிறேன், அனுப்புங்கள் என்றேன்.

"அது பொய் சொல்லாதுன்னு எனுக்குத் தெரியாதா மிஸ்? அதுக்குத் தான் நிறுத்துறேன். ஸ்கூலுக்கு வந்தா நீங்க எதுனா கேப்பீங்க. அது சொல்லிடும்."