தங்கையனுக்கு வைக்காத பூசை

என் பிரியமுள்ள தங்கையா,

எல்லை முடிவாகிவிட்டது. விளவங்கோடு தமிழரோடு சென்னை ராஜ்யத்துக்குப் போகிறது. நம் பாறசாலை இந்த மலையாளப் பக்கமே நின்றுவிட்டது. நீ எதற்குக் கொடி பிடித்தாயோ, அது நமக்கு இல்லை. இதை உன்னிடம் எப்படிச் சொல்ல?

ஊர்வலத்தில் போலீஸ் தடி என் தலைக்குத்தான் வந்தது. "எலே சூசை, குனியிலே!" என்று என்னைத் தள்ளிவிட்டு நீ வாங்கிக்கொண்டாய். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் உனக்கு நினைவு வந்தும் போயும் இருந்தது. தம்ளரில் தண்ணீரோடு பக்கத்தில் நின்றேன். சாகக் கிடப்பவர் சம்மதித்தால் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது எங்கள் சபை வழக்கம்.

"வேண்டாம் மக்கா. எனக்க அப்பன் போன எடத்துக்காக்கும் நான் போறது. நீ அழாத" என்றாய்.

அந்தத் தண்ணீரால் உன் உதட்டை நனைத்தேன். வேறென்ன செய்ய?

எல்லைச் செய்தி வந்த அன்றே உன் அம்மா என் வீட்டுக்கு வந்தார். "அவன் கேட்டதுதான் கிடைக்கல. ஒனக்க கோயில்ல செத்தவங்களுக்குப் பூசை உண்டுல்லா? ஆத்துமா நாளைக்கு எனக்க பிள்ளைக்கும் ஒண்ணு வச்சிரு மக்கா."

எங்கள் கோயில் சாமியாரிடம் போனேன். நல்ல மனிதர். உன் சாவுக்கு உங்கள் வாசல்வரை வந்து நின்றவர். "ஞானஸ்நானம் இல்லாதவனுக்குப் பேர் சொல்லிப் பூசை வைக்க சபை விடாது, சூசை" என்றார்.

"அப்போ அவன் எங்க இருக்கான் சாமி?"

"திருச்சபைக்கு வெளிய இரட்சணியம் இல்லைன்னு படிச்சேன். ஆண்டவருக்க இரக்கத்துக்கு அளவில்லைன்னும் படிச்சேன். ரெண்டையும் சேத்து வைக்க எனக்குத் தெரியல."

ஞாயிற்றுக்கிழமை நான் எடுக்கும் ஞானோபதேச வகுப்பில் அதே பாடம் வந்தது. புத்தகத்தை மூடிவிட்டுப் பிள்ளைகளை அனுப்பிவிட்டேன். எனக்காக உயிரைக் கொடுத்தவனுக்கு மோட்சம் அடைத்திருந்தால், உயிர் தப்பிய எனக்கு அது எதற்கு? விசுவாசத்தை விடவும் முடியவில்லை தங்கையா, அதற்குள் மூச்சு விடவும் முடியவில்லை.

உன் அம்மாவிடம் சொன்னேன். அவர் அழவில்லை.

"செத்த பெறகும் எனக்க பிள்ளை வெளியதான் நிக்கணுமா?" என்று மட்டும் கேட்டார்.

ஆத்துமா நாளில் நான் கோயிலுக்குள் போகமாட்டேன். வெளியே, முற்றத்து மண்ணில், உன் அம்மாவின் பக்கத்தில் முழங்காலிடுவேன். உள்ளே மணியடிக்கும்போது உன் பெயரை உரக்கச் சொல்வேன். கேட்கிறவர் கேட்கட்டும்.

உன் கூடப்பிறக்காத தம்பி,
சூசை