அண்ணாவைக் கொண்டுபோனது ஊசியில்லை

என் அன்பு அம்மாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆண்டுத்திவசம் முடிந்தது. வெள்ளவத்தை வீட்டு ஹோலில் பாய் விரித்து, வாழையிலை போட்டு, உங்களுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பும் வைத்துப் படைத்தோம். நீங்கள் சாப்பிட்டீர்களோ தெரியாது. வந்த கோபத்தில் எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆறு மாதம் அம்மா. உங்கள் பேரப்பிள்ளை உதைக்கிற உதைக்கு இவர் வயிற்றில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "உன்ர குணம்தான்" என்கிறார்.

கிளினிக்கில் டொக்டர், குக்கல் என்கிற கக்குவான் இருமலுக்குப் போடும் ஊசியைப் பற்றிச் சொன்னார். பிறந்த பிள்ளைக்குச் சொந்தமாக ஊசி போட இரண்டு மாதம் ஆகுமாம். அதற்குள் குக்கல் இருமல் பிடித்தால் அந்தச் சின்ன நெஞ்சு தாங்காது. தாய்க்கு இப்போதே போட்டால் பாதுகாப்பு வயிற்றுப் பிள்ளைக்கும் போகும், தனியார் ஆஸ்பத்திரியில் போடலாம் என்று விளங்கப்படுத்தினார். நானும் நாள் எடுத்துக்கொண்டு வந்தேன். வந்து வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். குடும்ப வட்ஸ்அப் குறூப்பில் போட்டேன்.

அவ்வளவுதான். "உன்ர அம்மா இருந்தா இதுக்கு விட்டிருக்கமாட்டா." எல்லாரும் உங்கள் பெயரைச் சொல்லித்தான் தொடங்கினார்கள். அண்ணா வயிற்றில் இருந்தபோது உங்களுக்கு ஏற்பூசி போட்டார்களாம். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் போடுகிற அந்த டெட்டனஸ் ஊசிதான் பிள்ளையைக் கொண்டுபோனதாம். நான் பிறப்பதற்கு முன்பே, கொட்டாஞ்சேனை வாடகை அறையில் ஐம்பத்தைந்து நாள் மட்டும் இருந்துவிட்டுப் போன என் அண்ணாவைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள் அம்மா. அவனுக்கு வாய் இல்லை என்ற துணிவு.

இதில் முன்னுக்கு நின்றவர் உங்கள் அக்கா. திவசத்துக்கென்று லண்டனிலிருந்து வந்த பெரியம்மா, பந்தியில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்:

"என்ர தங்கச்சி பட்டது காணும். வயித்துப் பிள்ளைக்காரிக்கு ஊசி என்ன ஊசி? பேசாமல் இரு பிள்ளை."

புறக்கோட்டைத் துணிக்கடைக் கவுண்டரில் நாள் முழுக்கக் கத்திப் பழகிய வாய் என்னுடையது. ஆனாலும் உங்கள் திவசம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். பின்னேரம் பெரியம்மாவின் மகள், எங்கள் அக்கா, லண்டனிலிருந்து போன் எடுத்தாள்.

"அக்கா, நீ பிள்ளை வயித்தில இருக்கேக்க குக்கல் ஊசி போட்டனியோ?"

"ஓம் பின்ன. ரெண்டு தரமும் போட்டனான். அம்மாதானே கூட்டிக்கொண்டு போனவ."

கேட்டீர்களா அம்மா? தன் மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனவர், உங்கள் மகளைப் பேசாமல் இருக்கச் சொல்கிறார்! நேரே போய்க் கேட்டேன்.

"அங்கத்தையான் மருந்து வேற பிள்ளை. இங்க என்னத்தைப் போடுறாங்களோ, ஆர் கண்டது?"

"அங்க பிறக்கிறதுகள்தான் பிள்ளையளோ பெரியம்மா? இங்க பிறக்கிறது என்ன?"

அவர் எழும்பிக் குசினிக்குப் போய்விட்டார்.

அம்மா, எனக்கு உங்கள் மேலும் கோபம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் உங்கள் கடைசிக் கிழமை, என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்களே சொன்னீர்கள், அண்ணாவைக் கொண்டுபோனது குக்கல் என்று. முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்து ஆட்களை உள்ளே விட்ட அன்றைக்கு, அவனை முதலில் தூக்கிக் கொஞ்சியவர் பெரியம்மா. அப்போது அவருக்கு விடாத இருமல். பிறகு அண்ணாவும் இருமத் தொடங்கினான். இருமி இருமி நீலம் பாரித்துப் போனான். "அவள் அறியாமல் செய்தது. சொல்லிப்போடாதை, தாங்கமாட்டாள்" என்று என்னிடம் சத்தியம் வாங்கினீர்கள்.

நல்ல மனம்தான். ஆனால் நீங்கள் வாய் திறக்காததால் பழி ஊசிமேல் விழுந்தது. இத்தனை வருடமாக அங்கேயே கிடக்கிறது. எங்கள் சொந்தத்தில் எத்தனை பேர் அந்தக் கதையைக் கேட்டுப் பயந்து ஊசிக்குப் போகாமல் விட்டார்களோ? அவர்களுடைய பிள்ளைகள் தப்பியது ஆண்டவன் செயல். அதை ஒரு நாளாவது யோசித்தீர்களா?

செவ்வாய்க்கிழமை போய் ஊசி போட்டுக்கொண்டேன். கை இரண்டு நாள் உளைந்தது, வேறொன்றும் இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது பெரியம்மா முகத்தை நீட்டிக்கொண்டு இருந்தார். எதிரில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு சொன்னேன்:

"பிள்ளை பிறக்கேக்க வருவியள்தானே? வர முன்னம் நீங்களும் குக்கல் ஊசி போடவேணும். இருமல் இருந்தா வாசலோட நிக்கவேணும்."

சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அவருடைய முகம் செத்துப்போனது. உங்கள் படத்தைப் பார்த்துக்கொண்டு, "அம்மா ஏதும் சொன்னவவோ?" என்று கேட்டார்.

உங்களுக்குச் செய்த சத்தியம் நினைவுக்கு வந்தது. உள்ளே பிள்ளை அசைந்தது. "ஓம்" என்றேன்.

"எனக்குத் தெரியும் பிள்ளை. அவன் செத்த அண்டைக்கே தெரியும். ஆரோ ஊசியெண்டு சொல்லிச்சினம், நான் அதைப் பிடிச்சுக்கொண்டன். தங்கச்சி ஒருநாளைக்கு என்னை வாய் நிறைய ஏசுவாள் எண்டு பாத்துக்கொண்டே இருந்தனான். கடைசி மட்டும் ஏசேல்லை."

உங்கள் படத்துக்கு முன்னால் இருந்து அழுதார். எனக்குத் தேற்ற மனம் வரவில்லை. ஊசிக் கதையைக் கேட்டுப் பயந்தவர்கள் அறியட்டும், பெயர் போடாமல் இதைப் பத்திரிகைக்கு எழுதப் போகிறேன் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு "எழுது" என்றார்.

யாரைக் காப்பாற்றினீர்கள் அம்மா? உங்கள் அக்காவையா? அவர் இத்தனை வருடமும் உங்கள் ஒரு ஏச்சுக்காகக் காத்துக்கொண்டல்லவா இருந்திருக்கிறார்!

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். பெரியம்மா ஊசி போட்டுக்கொண்டு வந்தால், என் பிள்ளையை முதலில் அவருடைய மடியில்தான் வைப்பேன். இருமிக்கொண்டு வந்தால், அவராக இருந்தாலும் சரி, வேறு யாராக இருந்தாலும் சரி, வாசலில் வைத்தே ஏசுவேன். நீங்கள் ஏசாமல் விட்டதையும் சேர்த்து ஏசுவேன்.

உங்கள் மகள்,
அண்ணாவை ஒரு நாளும் காணாத தங்கச்சி