வேலை உங்களுக்கா, உங்க அப்பாவுக்கா?

சித்தி, இதை யாரிடமும் காட்டிவிடாதே. இனி உன்னால் காட்ட முடியாது என்று தெரியும். இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். அப்பா பார்த்தால் நான் தொலைந்தேன்.

இன்று அம்மா பரணிலிருந்து உன் பெட்டியை இறக்கினாள். பாச்சை உருண்டை வாசனைக்கு நடுவே உன் ஆபீஸ் அட்டை கிடந்தது, கழுத்தில் மாட்டும் நீலக் கயிற்றோடு. படத்தில் நீ சிரிப்பை அடக்கிக்கொண்டு முழிக்கிறாய். தங்கச்சி முகத்தைப் பார்த்ததும் அம்மா அழுதாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் மூக்கைச் சிந்தப் போனபோது அட்டையை எடுத்துப் புத்தகப்பைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

மெட்ராஸில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் முதல் இன்டர்வியூவில் தோற்றுவிட்டு நீ சேரன்மகாதேவி திரும்பிய நாள் நினைவிருக்கிறதா? புதிர்க் கணக்கு எல்லாவற்றையும் போட்டுத் தள்ளியிருந்தாய். அதன்பிறகு "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்களாம். நீ தாத்தா பெயரில் தொடங்கி, நம் தெரு, ஆற்றங்கரை வயல், அம்மாவை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தது வரை சொன்னாயாம். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நம் ஊரில் வேறு எப்படிச் சொல்வோம்? யார் வீட்டுப் பிள்ளை என்றுதானே இங்கே எல்லாரும் கேட்கிறார்கள்!

அதற்குப் பிறகு நான்தான் உன் மேனேஜர். அப்பாவின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்காருவேன்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க."

"எங்க அப்பா..."

"வேலை உங்களுக்கா, உங்க அப்பாவுக்கா?"

"ஏட்டி, சிரிக்காமக் கேளுட்டி! எனக்கும் சிரிப்பு வருதுல்லா."

"முதல் சொல் 'நான்'னு வரணும். போயிட்டு மறுபடி உள்ள வாங்க."

எத்தனை தடவை உன்னை வாசலுக்கு விரட்டினேன்! அடுத்த கம்பெனியில் வேலையோடு வந்தாய். எனக்கு அல்வா வாங்கித் தந்து, "மேனேஜருக்கு லஞ்சம்" என்றாய்.

அந்த ஆபீஸ் கதைகளைக் கேட்டு நான் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். அங்கே பெரிய அதிகாரியையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம். "வாயில வரலட்டி. அண்ணாச்சின்னுட்டேன்" என்றாய். வடநாட்டுக்காரரான அவர் அர்த்தம் கேட்டுச் சந்தோஷப்பட, தீபாவளிக்குள் உன் பிரிவு முழுவதும் அவரை அண்ணாச்சி ஆக்கிவிட்டது.

பிறகு நீயே மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து ஆள் எடுத்தாய். சாத்தான்குளத்துப் பெண் ஒருத்தி வந்து, உன்னைப் போலவே அப்பா, பெரியப்பா, பனங்காடு என்று சொல்லிக்கொண்டே போனாளாம். கூட இருந்தவர்கள் அவளை அனுப்பிவிடப் பார்த்தார்கள். நீ, "சரிம்மா, அந்த வீட்டுல நீங்க என்ன செய்யுதீங்க?" என்று கேட்டாய். கெட்டுப்போன ரேடியோவை எல்லாம் பிரித்துப் பார்ப்பேன் என்று தொடங்கியவள் நிறுத்தவே இல்லையாம். வேலை அவளுக்குத்தான்.

அடுத்த வருடமே மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து வீட்டில் கம்ப்யூட்டர் என்ற பேச்சே கூடாது. "அதுதான அவள மெட்ராசுக்கு இழுத்துட்டுப் போச்சு. இவ இங்கனயே இருக்கட்டும்" என்கிறார் அப்பா.

எங்கள் பள்ளியில் இந்த வருடம் பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் பிரிவு தொடங்குகிறார்கள். நாளைக் காலை தலைமையாசிரியை ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, உன்னைப் பற்றிச் சொல் என்று கேட்பார். அப்பா கூட வருகிறார். நான் வாய் திறக்குமுன் "காமர்ஸ் போதும் டீச்சர்" என்று அவரே முடித்துவிடுவார். தலைமையாசிரியையிடம் பயமில்லை. அப்பா எதிரில் பேச வேண்டுமே, அதற்குத்தான். அவரும் பாவம்தான். இன்று உன் பெட்டியைப் பார்த்ததும் எழுந்து போய், அம்மா ஏற்கெனவே தண்ணீர் ஊற்றிய செடிகளுக்கே மறுபடியும் ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஆகவே இப்போது உன் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சொல்லிப் பார்க்கிறேன். நான் கம்ப்யூட்டர் படிக்க வேண்டும். எனக்குக் கணக்கு பிடிக்கும். நான் உன்னை மூன்று தடவை சிரிக்காமல் கேள்வி கேட்டிருக்கிறேன், அதையும் சேர்த்துக்கொள்ளலாமா? கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

"ஏட்டி, உள்ள யார்கிட்டப் பேசுத?"

அப்பாதான். அட்டை கழுத்தில் கிடக்கிறது. கிடக்கட்டும் சித்தி, கழற்றப் போவதில்லை. இப்படியே போய்க் கதவைத் திறக்கிறேன். முதல் சொல், 'நான்'.