வேலிக்கு வெளியே எண்ணிய விமானங்கள்

மண்டைக்காடு புதூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அபினா அப்பாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். நாங்கள் நலம். பஹ்ரைனில் நீங்களும் உங்கள் போட்டில் உள்ளவர்களும் நலமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். லீவு முடிந்து மரியஜான் அங்கே திரும்புகிறான். அவன் கையில் நெத்திலிக் கருவாடும் இந்தக் கடிதமும் கொடுத்துவிடுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவீர்கள், என் வாயும் சும்மா இருக்காது. கடிதம் என்றால் முடியும்வரை நீங்கள் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

முதலில் நல்ல செய்தி. போன செவ்வாய்க்கிழமை உங்கள் மகள் தன்னந்தனியாக விமானம் ஓட்டிவிட்டாள். பக்கத்து சீட்டில் சொல்லிக்கொடுக்கிற சார் இல்லை, யாருமே இல்லை. நான் அங்கே நின்று என் கண்ணால் பார்த்தேன்.

இனி மற்றது. நீங்கள் பணம் கட்டச் சொன்ன விமானப் பள்ளியில் அவள் படிக்கவில்லை. நான்கு மாதமாக வேறு பள்ளியில் இருக்கிறாள். வீடியோவில் பெயர்ப்பலகை தெரிந்துவிடாமல் அவள் எப்போதும் வேப்பமரத்தடியில் நின்றே உங்களோடு பேசினாள். பொய் என்னுடையது. அவளைத் திட்டாதீர்கள்.

போனில் வந்த அந்தப் பள்ளியின் விளம்பரத்தைப் பார்த்து, ஒரு மணி நேரம் பறக்க இவ்வளவு மலிவு வேறெங்கும் கிடையாது என்றீர்கள். மொத்தமாகக் கட்டினால் இன்னும் குறைப்பார்களாம். ஆனால் அது நம் வள்ளம் விற்ற பணம். பார்க்காமல் தூக்கிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த வள்ளத்தை நீங்கள் வாங்கியதை நினைத்துப் பாருங்கள். விலை பேசும் முன் மூன்று நாள் அது கிடந்த கரையில் போய் உட்கார்ந்தீர்கள். மணலில் கிடக்கும்போது எல்லா வள்ளமும் அழகுதான், கடலுக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொன்னது நீங்கள்தான். மகளின் படிப்புக்கு மட்டும் போனில் வந்த படம் போதுமென்று நினைத்துவிட்டீர்கள்.

அதனால் சேர்க்கப் போன அன்று நேரே ஆபீசுக்குள் போகவில்லை. அபினா தலையில் அடித்துக்கொண்டாள். வேலிக்கு வெளியே ஒரு டீக்கடை. அங்கே மூன்று நாள் உட்கார்ந்தேன். படத்தில் இருந்த ஐந்து விமானமும் அங்கே இருந்தன. வானத்தில் போனது ஒன்றே ஒன்று. இன்னொன்றின் சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது. அங்கே படிக்கிற ஒரு பெண்பிள்ளை டீ குடிக்க வந்தாள், அவளிடம் அபினாவை விசாரிக்கச் சொன்னேன். அவள் வந்து ஒன்றரை வருடமாகிறதாம். லைசென்சுக்கு இருநூறு மணி நேரம் பறக்க வேண்டும், எண்பதுகூட ஆகவில்லையாம். விமானம் இல்லாமல் காத்திருக்கிற நாளுக்கும் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் கொடுக்க வேண்டுமே. அந்த மலிவு எனக்குப் புரிந்துவிட்டது.

நான்கு மணி நேரம் பஸ்ஸில் போனால் இன்னொரு பள்ளி. ஆபீசுக்குத் தகரக் கூரை, மேசையில் தூசி. ஒரு மணி நேரம் பறக்கக் கூடுதலாகத்தான் கேட்டார்கள். ஆனால் விடிந்ததும் நான்கு விமானங்கள் மாறி மாறி ஏறி இறங்கின. பழுது பார்க்கிறவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். பறக்கப் பறக்கப் பணம் கட்டினால் போதும் என்றார்கள். அங்கேயும் மூன்று நாள் எண்ணிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை அவள் மேலே போனபோது, ஒக்கிப் புயலில் நீங்கள் கரைக்கு வராத அந்த நாட்களில் நின்றதுபோல நின்றேன். பத்து நிமிடம்தான் என்றார்கள். ஒரு சுற்று சுற்றி, கிளம்பிய இடத்திலேயே குலுங்காமல் இறக்கினாள். இறங்கி வந்ததும் நாலைந்து பையன்கள் வாளித் தண்ணீரைத் தூக்கி அவள் தலையில் கொட்டினார்கள். எனக்கு வந்ததே கோபம். "ஏலே, எதுக்குலே எம்பிள்ள மேல தண்ணி ஊத்துதிய?" என்று ஓடிப் போனேன். அபினா சிரித்து, முதன்முதலாகத் தனியாகப் பறந்தால் அதுதான் வழக்கம் என்றாள். புது வள்ளத்துக்கு நம் பங்குச் சாமியார் தீர்த்தம் தெளிக்கிற மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். பிறகு மிச்சமிருந்த வாளியை எடுத்து நானே ஊற்றினேன். நனைந்த பிள்ளையைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

இப்படியே போனால் இன்னும் பத்து மாதத்தில் இருநூறு மணி நேரமும் முடிந்துவிடும் என்கிறார் சார். டீக்கடையில் பார்த்த அந்தப் பெண் இன்னும் காத்திருக்கிறாள், எப்படி மாறுவது என்று அபினாவிடம் கேட்கிறாளாம்.

கடைசியாக ஒன்று. அந்தப் பள்ளியில் சேர்த்திருந்தால் நீங்கள் இன்னும் இரண்டு வருடமாவது அங்கேயே வலை இழுக்க வேண்டியிருக்கும். இப்போது அடுத்த பெருநாளுக்குள் கரையேறிவிடலாம். விமானங்களை மகளுக்காக எண்ணினேன், அந்த மாதங்களை எனக்காக எண்ணினேன். மாதா உங்களைக் காக்கட்டும். உங்களிடம் சொல்லாமல் செய்தது தப்புதான், திட்டத்தான் வேண்டும். ஆனால் போனில் வேண்டாம். வீட்டுக்கு வந்து, என் முன்னால் நின்று திட்டுங்கள்.

உங்கள் வரவை எண்ணியிருக்கும்,
ஜெஸ்பின்