பொம்மைக்கு மாட்டிய ரவிக்கை

ஏப்ரல் 15, புதன்

காலையிலேயே வெயில். ஃபர்ஸ்ட் ஷிப்ட். கம்பெனி சேஃப்டி ரூமில், மார்பை அழுத்தி உயிர் மீட்கப் பழகும் சி.பி.ஆர். பயிற்சிப் பொம்மை கொடுத்தார்கள். கூடவே, நின்றுபோன இதயத்துக்கு ஷாக் கொடுக்கிற ஏ.இ.டி. மெஷினின் பயிற்சி மாடல். திங்கள் திருப்பித் தர வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பஸ்ஸில் பொம்மை என் மடியில். கண்டக்டர்: "இதுக்கும் டிக்கெட் போடட்டாபா?" பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன் போல.

வாங்க: பேட்டரி, ஸ்பிரிட், கொசுவத்தி. நேற்றைய சாம்பார் கெட்டுவிட்டது. கொட்டினேன்.

வெள்ளி அமாவாசை. எங்கள் நெசவாளர் தெருவில் தறி ஓடாது, எல்லாரும் இருப்பார்கள். அன்றைக்கே தெருக்காரர்களுக்கு இந்த முதலுதவி வகுப்பு. லீவு சொல்லியாச்சு.

ஏப்ரல் 16, வியாழன்

புழுக்கம். கரண்ட் போய்ப் போய் வந்தது.

பொம்மைக்கு ஆண் மார்பு. இதை வைத்துக் கற்றுக்கொடுத்தால், ஆம்பளை விழுந்தால் மட்டும்தான் இந்தத் தெரு கை வைக்கும்.

என் மனைவி சுதா வீட்டுக்குள் மயங்கி விழுந்த அன்று பெண்கள் சுற்றி நின்று புடவையைத் திரையாகப் பிடித்தார்கள். ஆண்களை வெளியே அனுப்பினார்கள். தண்ணீர் தெளித்தார்கள். உள்ளங்கையைத் தேய்த்தார்கள். விசிறினார்கள். மார்பை யாரும் அழுத்தவில்லை. நான் கம்பெனியில், ஃபோன் லாக்கரில்.

கோபம் இல்லை. என்ன இருக்கிறது என்றும் தெரியவில்லை.

பீரோவைத் திறந்தேன். அவளுடைய கருநீலப் பட்டு ரவிக்கை. பொம்மைக்கு மாட்டி, உள்ளே துணி திணித்து, கொக்கி போட்டேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

லேசான காற்று. சந்து முனையில் பாய் விரித்து வகுப்பு. நினைத்ததைவிட அதிகம் பேர்.

பக்கத்து வீட்டு முருகேசன் அண்ணனை முதலில் கூப்பிட்டேன். ஷாக் கொடுக்கிற பேட்டை மார்பில் ஒட்ட வெறும் தோல் வேண்டும், ரவிக்கையை வெட்டுங்கள் என்றேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு கொக்கியாகக் கழற்ற ஆரம்பித்தார்.

"அண்ணே, நேரம் போவுது. வெட்டுங்க."

"பட்டுபா. நெய்யிற கை, வெட்ட வரமாட்டேங்குது."

பின்னாலிருந்து யாரோ: "உன் பொண்டாட்டி விழுந்தாலும் கொக்கிய எண்ணிக்கினு இருப்பியா?" ஒரே சிரிப்பு.

அவர் மனைவி வள்ளி அக்கா சிரிக்கவில்லை. கிட்ட வந்து ரவிக்கையைத் தொட்டுப் பார்த்தார்.

"இது சுதாவுது."

சிரிப்பு நின்றது. அன்று திரையின் ஒரு முனையைப் பிடித்திருந்தது இந்த அக்காதான்.

கத்தரிக்கோலை எடுத்து, கழுத்திலிருந்து கீழ்வரை வெட்டினார். பேட் ஒட்டினார். மெஷின் தொடாதே என்றபோது விலகினார். பிறகு நடு மார்பில் கை வைத்து அழுத்தினார். ஆழம் சரி. வேகம் சரி.

அழுத்திக்கொண்டே கேட்டார்: "அன்னிக்கி இப்டி பண்ணியிருந்தா பொழச்சிருப்பாளா தம்பி?"

பிழைத்திருக்கலாம். பிழைக்காமலும் போயிருக்கலாம். எத்தனையோ தடவை யோசித்த கேள்வி.

"தெர்லக்கா."

அக்கா அழுதார். ஆனால் கையை எடுக்கவில்லை. வேகம் மட்டும் குறைந்தது. களைத்தால் ஆள் மாற வேண்டும், அதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

"தள்ளுக்கா. நான் மாத்திக்கிறேன்."

மண்டியிட்டேன். அழுத்தினேன். அக்கா உரக்க எண்ணினார். முருகேசன் அண்ணனும் சேர்ந்தார், அப்புறம் எல்லாரும். பயிற்சியில் போதும் என்று சொல்ல வேண்டியவன் நான். நிறுத்தாமல் அழுத்தினேன். அவர்கள் எண்ணிக்கொண்டே இருந்தார்கள்.