தினகரன் அண்ணன் கேட்டது

மேட்டுப்பாளையம்
13.2.2024

அன்புள்ள ரஞ்சனி அப்பாவுக்கு,

விஜயா எழுதுகிறேன். நானும் ரஞ்சனியும் அக்கா வீட்டில் நன்றாக இருக்கிறோம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? போன மாதம் ஜெயிலில் மனு போட்டுப் பார்க்க வந்தபோது நிற்கவே சிரமப்பட்டீர்கள். அங்கே டாக்டரிடம் காட்டச் சொன்னேனே, காட்டினீர்களா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினகரன் அண்ணன் கல்யாணத்துக்குப் போக வேண்டாம் என்றீர்கள். நான் போய்விட்டு வந்தேன். உங்கள் பேச்சை மீற வேண்டும் என்று போகவில்லை. பத்திரிகையின் மேல் "திரு. வடிவேல் குடும்பத்தார்" என்று அவரே கைப்பட எழுதியிருந்தார். யாரிடமோ கேட்டு அக்கா வீட்டு விலாசத்தை வாங்கித் தபாலில் அனுப்பியிருக்கிறார். அதை அலமாரியில் வைத்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அடுத்த மனுவில் நேரில் சொல்லலாம் என்று பார்த்தேன். கம்பிவலைக்கு இந்தப் பக்கம் இருபது பேர் நின்று கத்தும் இடத்தில் இதைச் சொல்ல முடியாது. கடிதத்தை அங்கே படித்துப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் கொடுப்பார்கள் என்று தெரியும். படிக்கட்டும்.

மண்டியில் இப்போது உருளைக்கிழங்கு வரத்து அதிகம். தரம் பிரிக்க ஆள் போதவில்லை என்று ஓனர் லீவு தர யோசித்தார். ஞாயிற்றுக்கிழமைதானே, திங்கள் சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்று சொல்லிக் கேட்டு வாங்கினேன். அக்காவுக்கு நான் போவது பிடிக்கவில்லை. அங்கே போய் அவமானப்பட்டு வரப்போகிறாய் என்று இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. இப்போது பேசுகிறாள்.

முதல் பஸ்ஸில் கிளம்பினோம். ரஞ்சனி பர்லியாறு தாண்டியதும் வாந்தி எடுத்தாள், எப்போதும் போல. ஊட்டியில் இறங்கி டீ குடித்துவிட்டு எமரால்டு பஸ் பிடித்தோம். இந்த வருஷம் பனி கடுமை. ரோட்டோரப் புல் எல்லாம் கருகிக் கிடந்தது. வண்டி உருண்ட அந்த வளைவு வந்தபோது நான் மறுபக்கம் பார்த்துக்கொண்டேன். ரஞ்சனிக்கு இடம் தெரியாது. அவள் பாட்டுக்கு ஜன்னலில் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கல்யாணம் நம் மாரியம்மன் கோயிலில்தான். பெண்ணின் பெயர் சசிரேகா. கேரட் கழுவும் ஷெட்டில் வேலை செய்கிறவர். அண்ணனும் இப்போது அங்கேதான் எடை போடுகிறாராம். முன்னே ஒரு கல்யாணம் ஆகி, அந்த ஆள் விட்டுவிட்டுப் போனவராம். முகத்தில் நல்ல தெளிவு. கழுத்தில் மாலை குறுகுறுத்ததோ என்னவோ, சொறிந்துகொண்டே இருந்தார். பார்த்தவுடனே எனக்குப் பிடித்துவிட்டது.

கோயில் வாசலில் தெய்வம்மா பெரியம்மா நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. சின்ன வயதில் எத்தனை நாள் அவர்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். பெற்ற மகன் தினகரன் அண்ணனுக்குக் கால் போனதைப் பார்த்தவர்கள், என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வது என்றுதான் மனதைத் தயார் செய்திருந்தேன். என்னையும் ரஞ்சனியையும் மேலும் கீழும் பார்த்தார்கள். பிறகு, "வந்தவ நின்னுக்கிட்டே இருக்காம உள்ள போயி வெங்காயத்த உரி" என்றார்கள். நானும் போய் உட்கார்ந்து உரித்தேன். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் நம் எஸ்டேட் லயத்துப் பெண்கள்தான். முதலில் எல்லாரும் குனிந்து உரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒருத்தி, மேட்டுப்பாளையத்தில் வெயில் எப்படி என்று கேட்டாள். அப்படியே பேச்சு ஆரம்பித்தது. உங்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

தாலி கட்டியானதும் அண்ணன் மூன்று சுற்று நடந்தார். செயற்கைக்கால் வைத்திருக்கிறார். வேட்டி கட்டியிருந்ததால் தெரியவில்லை, நடையில்தான் தெரிந்தது. இரண்டாவது சுற்றில் கொஞ்சம் தடுமாறினார். சசிரேகா பிடித்த கையை விடாமல், நின்று, பிறகு நடந்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்பளிப்பு ஒரு ஹாட்பாக்ஸ். காகிதத்தின் மேல் யார் பெயரை எழுதுவது என்று கடையிலேயே யோசித்தேன். கடைசியில் "வடிவேல் – விஜயா" என்று எழுதினேன். அதை அண்ணன் கையில் கொடுத்தபோது படித்தார். கீழே வைக்கவில்லை. பக்கத்தில் இருந்தவரிடமும் தரவில்லை. போட்டோ எடுத்து முடியும்வரை கையிலேயே வைத்திருந்தார்.

ரஞ்சனிதான் மானத்தை வாங்கினாள். கால் வலிக்குமா மாமா என்று நேராகக் கேட்டுவிட்டாள். நான் அவள் தோளைப் பிடித்து இழுத்தேன். அவர் சிரித்துவிட்டு, தட்டிப் பார் என்றார். இவள் கதவைத் தட்டுவது போலத் தட்டினாள். சசிரேகாவும் சிரித்தார். அதற்குப் பிறகுதான் நானும் சிரித்தேன்.

சாப்பாடு ஆனதும் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். கோயிலுக்குப் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே, அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நீங்கள் எப்போது வெளியே வருவீர்கள் என்று கேட்டார். வைகாசியில் என்றேன். அங்கே என்ன வேலை கொடுக்கிறார்கள் என்று கேட்டார். தறி என்று சொன்னேன். அவனால் ஒரு இடத்தில் உட்கார முடியாதே என்றார். நம் கல்யாணத்தில் எனக்கு அண்ணன் முறைக்கு நின்ற அதே ஆள் பேசுவது போலத்தான் இருந்தது.

பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"விஜி, வண்டி உருண்டு நின்னப்ப எனக்கு நினைவு இருந்துச்சு. காலு உள்ள சிக்கிக்கிச்சு. அவன் அந்தப் பக்கம் கதவ ஒதைச்சுத் தொறந்து மேல ரோட்டுக்கு ஏறிப் போனதப் பாத்தேன். நான் பேரு சொல்லிக் கூப்பிட்டேன். மூணு தரம். மழை நல்லாப் பேஞ்சுக்கிட்டிருந்துச்சு. கோர்ட்டுல வக்கீலுங்க என்னென்னமோ கேட்டாங்க, இத யாரும் கேக்கல. அவனுக்கு நான் கூப்பிட்டது கேட்டுச்சா இல்லையான்னு எனக்குத் தெரியணும். கேட்டுச்சுன்னு சொன்னாலும் பரவாயில்ல. தெரியாம இருக்கறதுதான் முடியல."

இதற்காகத்தான் பத்திரிகை அனுப்பினீர்களா அண்ணா என்று கேட்டேன். இல்லை, நீ வராமல் எனக்கு எப்படிக் கல்யாணம் நடக்கும் என்றார். கேட்க வேண்டும் என்று நினைத்திருக்கவே இல்லையாம். என்னைப் பார்த்ததும் வாயில் வந்துவிட்டதாம்.

எனக்குத் தெரியாது என்று மட்டும் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

அன்றைக்கு நீங்கள் வீட்டுக்கு வந்தபோது நாலரை மணி இருக்கும். நனைந்து வந்தீர்கள். வாயில் சாராய வாடை. சட்டையை மாற்றிக்கொண்டு அடுப்புப் பக்கம் உட்கார்ந்தீர்கள். அண்ணன் எங்கே என்று கேட்டேன். எமரால்டு பஜாரிலேயே இறங்கிக்கொண்டான் என்றீர்கள். நான் டீ போட்டுக் கொடுத்தேன். அப்புறம் ரஞ்சனிக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்தேன். வாட்ச்மேன் காளிமுத்து அண்ணனைக் கண்டுபிடித்தபோது ஏழு மணிக்கு மேல் ஆகிவிட்டது. நம் வீட்டிலிருந்து அந்த இடம் நடக்கிற தூரம்தான். கொஞ்சம் சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் காலை எடுக்க வேண்டி வந்திருக்காதோ என்னவோ என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை நானும்தான் கேட்டேன்.

இந்த மூன்று வருஷமும் உங்களிடம் இதைக் கேட்டதில்லை. ஜாமீனில் நீங்கள் வீட்டில் இருந்த நாளிலும் கேட்கவில்லை. பயந்துபோய் ஓடியிருப்பீர்கள் என்று நானே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டு இருந்துவிட்டேன். உங்கள் முகத்தைப் பார்த்தே ஏதோ சரியில்லை என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது. தோன்றியும் டீ போட்டேன். அதனால் எல்லாப் பாரத்தையும் உங்கள் மேல் போட்டு எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

கிளம்பும்போது தெய்வம்மா பெரியம்மா ஒரு பையில் சோறும் கறியும் கட்டிக் கொடுத்தார்கள். ரஞ்சனி தலையில் எண்ணெய் இல்லை என்று என்னைத் திட்டினார்கள். உங்களைப் பற்றி அவர்கள் ஒன்று சொன்னார்கள், அதையும் மறைக்க மாட்டேன். "அவன் வெளிய வந்தாலும் என் கண்ணு முன்னால வரச் சொல்லாத" என்றார்கள். சொல்லிவிட்டு பஸ் வரும்வரை எங்களோடுதான் நின்றார்கள்.

ரஞ்சனிக்கு அரைப் பரீட்சையில் கணக்கில் மட்டும் மார்க் குறைவு. ட்யூஷன் சேர்க்கலாம் என்று இருக்கிறேன். அக்கா வீட்டுக்காரர் உங்களுக்குக் கறிவேப்பிலை மண்டியில் வண்டி ஓட்டும் வேலை பேசி வைக்கட்டுமா என்று கேட்டார். நீங்கள் மறுபடி வண்டி ஓட்டுவீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அண்ணனுக்கு எழுதுங்கள். கேட்டிருந்தால் கேட்டது என்று எழுதுங்கள். கேட்கவில்லை என்றால் அதையே எழுதுங்கள். அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று எதையாவது எழுதிவிடாதீர்கள். பொய் என்றால் அவர் கண்டுபிடித்துவிடுவார், பள்ளிக்கூட நாளிலிருந்து உங்களைத் தெரிந்தவர். மன்னிப்பு கேட்பது பிறகு இருக்கட்டும். அதை அவர் கேட்கவும் இல்லை. எனக்கு நீங்கள் என்ன பதில் வைத்திருக்கிறீர்களோ, அதை எழுத வேண்டாம். நீங்கள் வந்த பிறகு நான் கேட்டுக்கொள்கிறேன்.

இதோடு ஒரு இன்லண்ட் லெட்டர் வைத்திருக்கிறேன். அவர் முகவரியை நானே எழுதிவிட்டேன். உள்ளே ஒன்றும் எழுதவில்லை.

குளிருக்குப் போர்வை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதுகை அவசியம் காட்டுங்கள். நம் மாரியம்மன் உங்களுக்குத் தைரியத்தைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் விஜயா