பித்தளை நாக்குகள்

மார்ச் 9

அன்புள்ள வாத்திக்கு,

நலம். நீயும் வீட்டில் தங்கச்சியும் நலமாக இருக்க வேண்டும். ஃபோனில் பேசினால் கத்திவிடுவேன் என்றுதான் பேனாவை எடுத்தேன். எட்டாம் வகுப்பில் படிப்பை விட்டு உன் பக்கத்து இடத்திலிருந்து எழுந்து போனவனின் கையெழுத்து, பொறுத்துப் படி.

நூலக மண்டபத்தில் நம் மாடிக் குழு வாசித்ததைப் பதிவாக அனுப்பியிருந்தாயே, அதை மத்தியானம் வீட்டில் போட்டேன். உன் வயலின் கேட்டது. முறையாகச் சங்கீதம் படித்த பாட்டக்காவின் குரல், போலீஸ் பேண்டிலிருந்து ஓய்வு பெற்றவரின் டிரம்பெட், சினிமாப் பாட்டைக் கேட்டே பழகிய தையல்காரரின் கிதார், எல்லாம் கேட்டது. மூன்றாவது பாட்டு முடிந்ததும் என் வீட்டுக்காரி கேட்டாள்: "ஏங்க, இதுல உங்க பெட்டி எங்க?"

மறுபடி போட்டுப் பார்த்தேன். என் ஆர்மோனியம் ஓர் இடத்திலும் இல்லை. ஒன்றேகால் மணி நேரம் துருத்தி போட்ட தோள் இன்னும் வலிக்கிறது, சத்தத்தைத்தான் காணோம்.

மைக் கோளாறு என்று சொல், நம்புகிறேன். ஆனால் ஒன்று. மேடையில் நீங்கள் நாலு பேரும் ஒரு நூல் மேலே போவது எனக்குக் கேட்டது. பயத்தில் ஏறிவிட்டார்கள், பாவம், இழுத்துப் பிடிப்போம் என்று நான் இன்னும் அழுத்தி வாசித்தேன். வீட்டுக்கு வந்துதான் யோசித்தேன். என் குழாய்க்கடைக் கணக்கில், நாலு குழாய் ஒரே அளவுக்கு நீளம் கூடியிருந்தால் அது கைத்தவறு இல்லை, யாரோ அளவுகோலை மாற்றியிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வழக்கம்போலக் கடை மாடியைக் கூட்டிப் பாய் போட்டிருப்பேன். அதற்கு முன் பதில் எழுது.

உன்
முதலாளி

மார்ச் 13

அன்புள்ள முதலாளிக்கு,

சுற்றி வளைத்தால் உனக்குப் பிடிக்காது. மைக்கில் கோளாறு இல்லை. உன் பெட்டியின் மைக்கை நிறுத்தி வைக்கச் சொன்னது நான்தான்.

உன் பெட்டி சுருதி இறங்கியது. இன்று நேற்றல்ல, முதல் நாளிலிருந்தே. உனக்கு ஒரே கட்டையில்தான் வாசிக்க வரும். பதினோரு வருஷமாக எல்லாப் பாட்டையும் அந்தக் கட்டைக்கு மாற்றி, எல்லா வாத்தியத்தையும் அந்தப் பெட்டிக்கு இறக்கித்தான் சேர்த்தோம். உன்மேல் உள்ள பிரியம்தான் காரணம்.

பதிவு என்று வந்ததும் பாட்டக்கா பயந்துவிட்டார். "நாலு பேர் காதுக்குப் போறது, சார். எங்க குரு கேட்டா நான் முகத்த எங்க கொண்டு வச்சுக்குவேன்" என்றார். ஆறு வாரம், வியாழக்கிழமைகளில், என் பள்ளிக்கூடத்து அறையில் சரியான சுருதிக்குப் பழகினோம். உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. உன்னை விட்டுவிட்டு மேடை ஏறவும் மனம் வரவில்லை. அதனால் இப்படிச் செய்தோம். மன்னித்துக்கொள்.

வாத்தி

மார்ச் 16

வாத்தி,

என் கடையில் ஒரு குழாய் வளைந்திருந்தால் வாங்க வருபவருக்கு நானே காட்டுவேன். வளைந்தது குழாயின் குற்றம், மறைத்தால் அது என் குற்றம். பதினோரு வருஷம் என் வளைவை என்னிடமே மறைத்திருக்கிறாய். "இன்னைக்குப் பெட்டி பேசுது முதலாளி" என்று எத்தனை ஞாயிறு முதுகில் தட்டினாய். அது எந்தச் சுருதியில் சொன்னது?

ஒரு வார்த்தை போதும். மறுநாளே ரிப்பேருக்குக் கொடுத்திருப்பேன். சங்கீதம் தெரியாதவனுக்கு ரிப்பேர் கூடவா தெரியாது? நீயோ ஆறு வியாழன் பழகிவிட்டு, ஆறு ஞாயிறும் என் மாடிக்கு வந்து, என் வீட்டுக் காபியைக் குடித்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல என் பெட்டிக்கு வயலினை இறக்கிக்கொண்டாய்.

பிரியமாம். முன்வரிசையில் என் மருமகள் உட்கார்ந்து எனக்காகக் கை தட்டினாள். ஊமைப் பெட்டியை அமுக்கிக்கொண்டு நானும் அவளைப் பார்த்துச் சிரித்தேன். மேடையில் இருந்த நாலு பேருக்கும் தெரியும், மைக்செட்காரருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை யாரும் வர வேண்டாம். மாடிப் பூட்டை மாற்றிவிட்டேன்.

முதலாளி

ஜூலை 20

அன்புள்ள முதலாளிக்கு,

நீ பூட்டை மாற்றிய பிறகு நான் எழுதும் நான்காவது கடிதம் இது. முதல் மூன்றுக்கும் பதில் இல்லை. இதையாவது கிழிக்காமல் படி.

குழு உடைகிறது. பள்ளிக்கூடத்து அறையில் தினம் ஒரு சண்டை. அந்த ஒரு கச்சேரிக்கு மட்டும் எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு சேர்ந்தோம் போலிருக்கிறது. பாட்டக்கா தன் கட்டையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார். பேண்டுக்காரர், "முப்பது வருஷம் அணிவகுப்புல ஊதுனதும்மா இது, உங்க தொண்டைக்காக வளையாது" என்கிறார். தையல்காரர் நேற்று கிதாரை உறையில் போட்டுக்கொண்டு, "நீங்க ரெண்டு பேரும் அளவ முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க, அப்புறம் வந்து தைக்கிறேன்" என்று போய்விட்டார். நானும் யோக்கியன் இல்லை. படித்தவன் என் சுருதிக்கு எல்லோரும் இறங்கி வரட்டும் என்றுதான் நானும் உட்கார்ந்திருந்தேன்.

உன் பெட்டிக்கு மட்டும் நாங்கள் முணுமுணுக்காமல் இறங்கினோம். அது எங்களில் யாருடைய சுருதியும் இல்லை, அதனால் இறங்கியதில் யாருக்கும் தோல்வி இல்லை. இது இப்போதுதான் உறைக்கிறது. அந்தப் பெட்டியின் சுருதியை நினைவிலிருந்து பிடித்துப் பார்த்தோம். நாலு பேரும் நாலு இடத்தைக் காட்டுகிறோம்.

அந்தப் பெட்டியைக் கொண்டு வா. பழைய இறக்கத்தோடு, அப்படியே.

வாத்தி

ஜூலை 24

மதிப்பிற்குரிய இசை ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பெட்டியைக் கேட்டிருக்கிறீர்கள். பெட்டிக்காரனைக் கேட்கவில்லை. பரவாயில்லை, இந்தத் தடவையாவது நேராகக் கேட்டிருக்கிறீர்கள்.

மார்ச் மாதமே அதை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டேன். உள்ளே காற்றில் அதிர்ந்து சத்தம் கொடுக்கும் பித்தளை நாக்குகள் எல்லாம் தளர்ந்துவிட்டன என்றார் ரிப்பேர்க்காரர். அத்தனையும் புதுசு போடச் சொன்னேன். ஒவ்வொன்றையும் கருவி வைத்துச் சரிபார்த்தார். இப்போது மயிரிழை பிசகில்லை. தங்கள் குரு, பாட்டக்காவின் குரு, யார் காதுக்கும் கூசாது.

பழைய நாக்குகளை ஒரு பொட்டலமாகக் கையில் கொடுத்தார். இரண்டு நாள் கல்லாவில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் பழைய பித்தளை வாங்குகிறவர் வந்தபோது எடைக்குப் போட்டுவிட்டேன். தராசுத் தட்டு அசையக்கூட இல்லை. இந்நேரம் உருக்கி வார்த்து, ஏதாவது தண்ணீர்க் குழாயின் திருகாக ஆகியிருக்கும். தங்கள் வீட்டுக் குழாயிலேயே இருந்தாலும் இருக்கும். திறக்கும்போது கேட்டுப் பாருங்கள்.

மாடியில் இப்போது முக்கால் அங்குலக் குழாய் அடுக்கியிருக்கிறேன். எல்லாம் ஒரே நீளம், நேரான சரக்கு. பாய்க்கு அடியில் தங்கள் வயலின் வில்லுக்குத் தடவும் பிசின் கட்டி கிடந்தது. இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இனி என்னிடம் தங்களுடையது ஒன்றும் இல்லை.

தங்கச்சியை மட்டும் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
குழாய்க்கடை உரிமையாளர்